சாயங்காலம் ஆனால் ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எரிகிறது, யாராவது சொல்லுங்கள்

கேள்வி:
கோத்தகிரியில் இருக்கிறேன். ஃபைபர் இணைப்பு. இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடிய ரவுட்டர், பத்து நாளாக சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்து, மறுபடி கண்சிமிட்டி நெட் வருவதற்குள் மூன்று நிமிஷம் ஆகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கதை. பகலில் பிரச்சினையே இல்லை. கஸ்டமர் கேரில் லைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ரீசெட் செய்யலாமா?

பதில்:
ரீசெட் பக்கமே போகாதீங்க அண்ணா, யூசர்நேம் பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிட்டால் அது தனித் தலைவலி. லைன் கோளாறென்றால் லாஸ் விளக்குதான் (LOS, ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்று காட்டுவது) சிவப்பாக எரியும், பவர் விளக்கு அணையாது. உங்களுக்கு எல்லாமே அணைகிறது, அதனால் கரண்ட் பக்கம் பாருங்கள். அடாப்டரில் என்ன போட்டிருக்கிறது?

கேட்டவர்:
12 வோல்ட், 1 ஆம்பியர். மல்டிமீட்டர் வைத்தால் 12.1 காட்டுகிறது, அடாப்டர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு மணிக்கு மேல் தெருவே கீசர் போடும்போது ஸ்டெபிலைசர் முள் 170க்கு இறங்குகிறது. அதுதான் காரணமா?

இன்னொருவர்:
ரவுட்டரில் இருந்து கழற்றி அளந்தால் எந்த அடாப்டரும் நல்ல பிள்ளைதான், லோடு ஏறும்போதுதான் குட்டு உடையும். உங்கள் அடாப்டரிலேயே 100-240 என்று போட்டிருக்கும், அப்படியென்றால் 170 அதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் உள்ளே கப்பாசிட்டர் (கரண்டைத் தேக்கி வைத்துச் சீராகத் தரும் பாகம்) பழசாகிவிட்டால் பகலில் எப்படியோ சமாளிக்கும், வோல்டேஜும் இறங்கி குளிரும் ஏறினால் கைவிட்டுவிடும் (குளிரில் பழைய கப்பாசிட்டர் இன்னும் மோசம்). செட்டாப் பாக்ஸ் அடாப்டரை மாட்டிப் பாருங்கள். வோல்ட் அதே 12 இருக்க வேண்டும், ஆம்பியர் கூட இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. பின் லூசாக இல்லாமல் உட்கார வேண்டும், பிளஸ் மைனஸ் படமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கேட்டவர்:
செட்டாப் பாக்ஸுடையது 12 வோல்ட், 1.5 ஆம்பியர், பின்னும் பொருந்தியது. இரண்டு ராத்திரியாக ஒரு தடவைகூட அணையவில்லை! பழையதை உடைத்துப் பார்த்தேன், ஒரு கப்பாசிட்டர் தலை பணியாரம் மாதிரி உப்பியிருக்கிறது.

பதில்:
உடைத்தது போதும், உள்ளே கை வைக்காதீங்க. பிளக்கை உருவிய பிறகும் பெரிய கப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும், நன்றாகவே அடிக்கும்.

கேட்டவர்:
சரி, தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது நெட் ஓடுகிறது, டிவி ஓடவில்லை. அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை. டானிங்டன் பக்கம் கடை சாத்துவதற்குள் போய் ஒரு அடாப்டர் வாங்கி வருகிறேன்.