பின்தொடைத் தசையா, குறங்குநாணா?

காட்பாடி, உடற்கல்வி ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். கபடியும் கைப்பந்தும் ஆடும் மாணவியருக்கான பயிற்சிக் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்தில் ஒப்படைக்க வேண்டும். மண்டியிட்டு, தோழி கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, முதுகு வளையாமல் முன்னோக்கி மெல்லச் சாய்கிற நார்டிக் பயிற்சிதான் அதில் முதன்மையானது. அப்போது தொடையின் பின்புறத்தில் உழைக்கும் ஹாம்ஸ்ட்ரிங்குக்கும், குதித்தபின் தரையைத் தொடும் லேண்டிங்குக்கும் சொற்கள் தேவை. மாணவியர் ‘தொடை நரம்பு’ என்கிறார்கள். பாடநூலில் நரம்பு என்பது வேறு.

ஆற்காடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தொடைக்குக் குறங்கு என்னும் பழஞ்சொல் இருக்கிறது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி அணியும் தொடையணி குறங்குசெறி. ஆங்கிலத்தில் ஹாம் என்பது பழைய வழக்கில் முழங்காலின் பின்மடிப்பு, ஸ்ட்ரிங் கயிறு. ஆகவே ‘குறங்குநாண்’ என்க. கவான் என்பதும் தொடையே. அது மலைச்சரிவையும் குறிக்கும் என்பதால், உடலுறுப்பின் பெயரை நிலத்துக்கு ஏற்றிய மரபு நமக்கு உண்டென்பதும் விளங்கும்.

வேலூர், இயன்முறை மருத்துவர்:
ஐயா, மாணவியர் அதைக் ‘குரங்கு’ என்றே படிப்பார்கள். மேலும், நாண் என்பது தசையின் முனையிலுள்ள கயிறு போன்ற பகுதி மட்டுமே. இங்கே வலுப்பெற வேண்டியவை தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலைக் கடந்து, கீழ்க்கால் எலும்புகளில் முடிகிற மூன்று தசைகள். குதித்து இறங்கும் நொடியில் முன்தொடைத் தசை கீழ்க்காலை முன்னே இழுக்க, இவை பின்னே இழுத்து முழங்காலுக்குள்ளிருக்கும் முன்சிலுவைப் பிணைநாரைக் காக்கின்றன. ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அந்த நார் கிழிவது 2 முதல் 8 மடங்கு வரை மிகுதி என்று ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, முழங்கால் போதிய அளவு மடங்காமல் உட்புறம் சாய்ந்தபடி இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ அது கிழிகிறது. எனவே ‘பின்தொடைத் தசைகள்’ என்று பன்மையில் எழுதுங்கள். நார்டிக் பயிற்சியில் இவை நீண்டுகொண்டே இறுகுகின்றன. அந்த இறுக்கத்துக்கும் ஒரு சொல் வேண்டும்.

ஆரணி, நெசவாளர் குடும்பத்து மொழிபெயர்ப்பாளர்:
தறியில் பாவு நூலை, அதாவது நீளவாட்டு இழைகளை, விட்டுக்கொடுக்கும்போதும் அதன் விறைப்புத் தளராமல் காப்போம். அதைப்போல இதனை ‘விட்டிறுக்கம்’ எனலாம். லேண்டிங்குக்குத் ‘தரையிறக்கம்’ வேண்டாம். அது விமானத்துக்கு உரியதாகிவிட்டது. ‘காலூன்றல்’ போதும்.

காட்பாடி, உடற்கல்வி ஆசிரியை:
காலூன்றலை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். வெயிலில் காய்ந்து இறுகிய திடலின் ஓரத்தில் நின்று, ‘முட்டியை மடக்கி ஊன்று, உள்ளே சாய விடாதே’ என்று நான் கூவும்போது, பந்தின்மேல் கண்வைத்திருக்கும் பெண்ணுக்கும் அது அந்த நொடியே விளங்க வேண்டும். விட்டிறுக்கம் ஆசிரியர் குறிப்பில் மட்டும் இடம்பெறும். பின்தொடைத் தசைகள் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

ஆற்காடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் உடன்படவில்லை. பின்தொடைத் தசைகள் என்பது இடத்தைச் சொல்கிறதேயன்றி உறுப்புக்குப் பெயரிடவில்லை. மாணவியர் குறங்கைக் குரங்கென்று படித்தால் றகரத்தைக் கற்பிப்பது நம் கடமை. அடுத்த பதிப்பிலாவது குறங்குநாணை அடைப்புக்குறிக்குள் சேர்க்க வேண்டுகிறேன்.