வார்டுக்குத் தரவேண்டிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்: தூய்மை ஏறவில்லை

மதுரையில் குழந்தைகள் வார்டு ஒன்றுக்கு நன்கொடையாகத் தர நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) ஒன்று. 2021 கொரோனா அலையில் வாங்கி, பிறகு மூலையில் கிடந்தது.

ஓட்டிய 15 நிமிடத்தில் தூய்மை குறைவு என்று மஞ்சள் விளக்கு. ஆக்சிஜன் அனலைசரில் பார்த்தால் தூய்மை 5 லிட்டர் ஓட்டத்தில் 76%, 2 லிட்டரில் 88%. பச்சைக் குழந்தைக்கு 0.5 முதல் 1 லிட்டரே போதும்தான். ஆனால் ஃப்ளோ ஸ்பிளிட்டர் வைத்து நாலு குழந்தைக்குப் பிரித்தால் முழு ஓட்டம் வேண்டும். 82%க்குக் கீழே போகும் மெஷினை வார்டில் வாங்கமாட்டார்கள், நியாயம்தான்.

வெளி ஃபில்டர் கழுவியாச்சு, இன்டேக் ஃபில்டர் புதுசு. இணைப்புகளில் சோப்பு நுரை தடவியதில் கசிவு இல்லை, வால்வு சத்தமும் சீர். சும்மா கிடந்ததில், உள்ளே நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் ஜியோலைட் மணிகள் ஈரம் குடித்திருக்கும்.

மதுரை, திருச்சி பக்கம் சீவ் பெட் (ஜியோலைட் நிரப்பிய குழாய்) இரண்டையும் மாற்றித் தரும் பயோமெடிக்கல் சர்வீஸ் எங்கே இருக்கிறது?