1.2 லிட்டர் பெட்ரோல் கார், கொஞ்சம் இழுவை கூட்ட எதில் ஆரம்பிக்கலாம்?

புதுச்சாவி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) கிடையாது, மேனுவல் கியர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தனியாகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை, நாலு பேர் ஏறி ஏ.சி.யும் ஓடினால் மேட்டில் மூச்சு வாங்குகிறது, லாரியை ஓவர்டேக் பண்ண மிதித்தால் சத்தம் வருகிறதே தவிர வண்டி நகர மாட்டேன் என்கிறது. ரேஸ் ஓட்டும் ஆசையெல்லாம் இல்லை, கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தால் போதும். வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன்: கோன் ஏர் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் (புகை தடையில்லாமல் வெளியேறும் குழாய்), இ.சி.யூ. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது), 17 இன்ச் அலாய் வீல், வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங், அப்புறம் ஓ.பி.டி. போர்ட்டில் (மெக்கானிக் கருவி மாட்டிப் பழுது பார்க்கும் சாக்கெட்) சொருகினால் பவர் கூடும் என்று விற்கிறார்களே அந்தச் சின்னப் பெட்டி. இதில் எதை முதலில் செய்வது? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய வசதி இல்லை.

டர்போ பைத்தியம்:

ரீமேப், வேறு பேச்சே வேண்டாம் ப்ரோ. என் வண்டியில் ஸ்டேஜ் 1 (ரீமேப்பின் முதல் கட்டம்) போட்ட அன்றே வேறு கார் மாதிரி ஆகிவிட்டது. மிச்சமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கிரீஸ் கை:

தம்பி, பட்டியலை மடித்து வைத்துவிட்டு முதலில் ஒன்று சொல்லுங்கள்: வாங்கியதிலிருந்து ஸ்பார்க் பிளக் மாற்றினீர்களா? ஏர் ஃபில்டர்? பழைய வண்டி மந்தமாக இருந்தால் பாதி நேரம் அது கம்பெனி கொடுத்த பவரையே முழுசாகக் கொடுக்காமல்தான் இருக்கும். அதைத் திரும்ப வாங்குவதற்கு ட்யூனிங் கடை தேவையில்லை, ஒழுங்கான ஒரு சர்வீஸ் போதும்.

நீங்களே பார்க்கக்கூடியது இரண்டு இருக்கிறது. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு வீல் பக்கமும் கையைக் கிட்டே கொண்டுபோங்கள் (தொடாதீர்கள், சுட்டுவிடும்). ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்த வீலின் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பிடித்துக்கொண்டு நிற்கிறது, பிரேக்கைப் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அடுத்தது கிளட்ச். காலியான சாலையில் நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் சரசரவென்று ஏறி, ஸ்பீடோ முள் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. "சத்தம் வருகிறது, நகர மாட்டேன் என்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். இந்த நிலையில் ரீமேப் போட்டால் மிச்சமிருக்கும் கிளட்சும் சீக்கிரம் போய்ச் சேரும்.

நாலாவது கியர்:

டர்போ பைத்தியம் சொல்வது அவர் வண்டிக்குச் சரி. டர்போ இன்ஜினில் சாஃப்ட்வேரிலேயே பூஸ்ட் அழுத்தத்தைக் கூட்டலாம், அதிகக் காற்று உள்ளே போகும், அதற்கேற்ற பெட்ரோலும் போகும், அதனால் 20 சதவீதத்துக்கு மேலேகூடக் கூடும். டர்போ இல்லாத இன்ஜின் வெளிக்காற்றை அதுவாக இழுத்துக்கொள்வதுதான், அதன் அளவைக் கம்ப்யூட்டரால் கூட்ட முடியாது. இக்னிஷன் டைமிங்கையும் எரிபொருள் கலவையையும் கொஞ்சம் அப்படி இப்படி நகர்த்தலாம், அவ்வளவுதான். ஐந்து சதவீதம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

அதைக் கணக்காகவே போடுகிறேன். வண்டி 900 கிலோ, 85 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் ஏறினால் சுமார் 1160 கிலோ, அதாவது ஒரு குதிரைத்திறன் 13.6 கிலோவை இழுக்கிறது. ரீமேப்பில் நாலு குதிரைத்திறன் கூடினால் அது 13 ஆகும். டிக்கியில் கிடக்கும் தேவையில்லாத சாமான், சப்வூஃபர் பெட்டி, சும்மாவே மாட்டியிருக்கும் ரூஃப் கேரியர் என்று 50 கிலோ இறக்கினாலும் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் வருவீர்கள். செலவு ஒன்றும் இல்லை. ஸ்டெப்னியை மட்டும் கழற்றி வைக்காதீர்கள்.

கோன் ஃபில்டர் கேட்க நன்றாக இருக்கும், உறுமும். ஆனால் கம்பெனி கொடுத்த ஃபில்டர் பெட்டி கிரில் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு பானெட்டுக்குள் திறந்த கோனை வைத்தால் இன்ஜின் சூட்டில் வெந்த காற்றுதான் உள்ளே போகும். சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, ஆக்ஸிஜனும் குறைவு, டிராஃபிக்கில் ஊர்ந்தால் இருந்த பவரும் கொஞ்சம் குறையும். எண்ணெய் தடவும் வகை ஃபில்டராக இருந்து, தாராளமாகத் தடவிவிட்டால் ஏர் ஃப்ளோ சென்சாரில் போய்ப் படிந்து தொல்லை தரும். எக்ஸாஸ்ட்டும் இதே கதைதான், இந்த இன்ஜினில் வருவது பெரும்பாலும் சத்தம். குழாயை அளவுக்கு மீறிப் பெரிதாகப் போட்டால் நீங்கள் தினமும் ஓட்டுகிற குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை இன்னும் குறையலாம். ஓ.பி.டி. பெட்டி பற்றிப் பேசவே வேண்டாம், உள்ளே ஓர் எல்.இ.டி. மினுக்கும். பெடல் கன்ட்ரோலர் என்று ஒன்றும் விற்கிறார்கள், அது ஏமாற்று இல்லை, ஆனால் பெடலைக் கொஞ்சம் மிதித்தாலே நிறைய மிதித்ததாக வண்டிக்குச் சொல்லும், அவ்வளவுதான். முழுசாக மிதித்தால் கிடைப்பது பழைய பவரே.

ஓவர்டேக் விஷயத்தில் ஒரு கேள்வி: எந்த கியரில் மிதிக்கிறீர்கள்? இந்த மாதிரி இன்ஜின்களுக்கு அதிகபட்ச டார்க் (சுழற்றும் விசை) 4000 ஆர்.பி.எம். பக்கத்திலும், அதிகபட்ச பவர் 6000 பக்கத்திலும்தான் வரும். ஐந்தாவது கியரில் 2000-ல் போய்க்கொண்டு அப்படியே மிதித்தால் எந்த ரீமேப்பும் காப்பாற்றாது. லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே மூன்றாவதுக்கு இறக்கி, 4000 தாண்டவிட்டு வெளியே எடுங்கள். இன்ஜின் கத்தத்தான் செய்யும், அது அதற்காகவே செய்யப்பட்டது.

வளைவுப் பிரியன்:

மேலே இருவரும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டார்கள், நான் கீழே வருகிறேன். என்னைக் கேட்டால் முதல் செலவு டயருக்கு, இரண்டாவது பிரேக்குக்கு. உள்ளங்கை அளவுக்கு நாலு இடத்தில்தான் கார் தரையைத் தொடுகிறது. இழுவை, பிரேக், திருப்பம் எல்லாமே அந்த ரப்பர் வழியாகத்தான்.

17 இன்ச் வேண்டாம். இவ்வளவு சின்ன இன்ஜினுக்கு வீல் எடை கூடக்கூட இன்னும் மந்தமாகும், அதுவும் எடை விளிம்பில் உட்கார்ந்தால் சுழற்றுவதற்கே கூடுதல் சக்தி போகும். கம்பெனி அளவு 175/65 ஆர் 14 என்றால் 185/55 ஆர் 15 தாராளமாகப் போடலாம். முதலாவதின் மொத்த விட்டம் 583 மி.மீ., இரண்டாவது 584.5, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, ஃபெண்டரில் உரசாது. வீல் வாங்கும்போது பி.சி.டி. (நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்காரும் என்பது), நடு ஓட்டையின் அளவு மூன்றும் பொருந்த வேண்டும். டயரின் லோட் இண்டெக்ஸ் (எவ்வளவு எடை தாங்கும் என்ற குறியீட்டு எண்) கம்பெனி சொன்னதற்குக் குறையக் கூடாது: 82 என்று இருந்தால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும்.

தாழ்த்துவதைப் பொறுத்தவரை, பழைய ஷாக் அப்ஸார்பரின் மேல் குட்டை ஸ்பிரிங் மட்டும் போட்டால் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுசாக இறங்காமல் தடுக்கும் ரப்பர்) இடித்துக்கொண்டே போகும். ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இருக்கும் ஷாக் கசிந்திருந்தால் கம்பெனி அளவிலேயே நல்லதாக மாற்றி, வீல் அலைன்மென்ட் பாருங்கள், வண்டி புதுசு மாதிரி திரும்பும்.

புதுச்சாவி:

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. கிரீஸ் கை அண்ணா சொன்ன கிளட்ச் சோதனை செய்தேன், இரண்டு முள்ளும் ஒன்றாகத்தான் ஏறுகின்றன. வீல் எதுவும் தனியாகச் சுடவில்லை. பிளக் எப்போது மாற்றியது என்பதற்கு ரெக்கார்டே இல்லை, நாளைக்கே மாற்றச் சொல்லிவிட்டேன். நாலாவது கியர் கேட்டதற்குப் பதில்: ஐந்தாவதில்தான் மிதித்துக்கொண்டிருந்தேன் :) மூன்றாவதில் முயற்சி செய்தேன், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

டயர் பட்டன் இன்னும் நிறைய இருக்கிறது, அப்படியும் மாற்ற வேண்டுமா? பக்கத்தில் மெல்லிசாக வெடிப்பு மாதிரி தெரிகிறது. பிரேக் பக்கம் என்ன செய்யலாம், பெரிய டிஸ்க் போட வேண்டுமா?

வளைவுப் பிரியன்:

பட்டனை மட்டும் பார்க்காதீர்கள், வயசைப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஒரு வரிசை இருக்கும், அதன் கடைசியில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம். 2317 என்றால் 2017-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. வெளிப்பக்கம் அந்த நாலு இலக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் இருக்கும், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பிவிட்டுக் குனிந்து பாருங்கள். ரப்பர் வருஷம் போகப் போக இறுகிவிடும், பட்டன் இருந்தாலும் ஈரத்தில் பிடிக்காது. வெடிப்பு வேறு தெரிகிறது என்கிறீர்கள், நான் என்றால் மாற்றிவிடுவேன். இப்போதைக்கு இரண்டுதான் முடியும் என்றால் முன் சக்கரம் இழுக்கிற வண்டியாக இருந்தாலும் புதுசைப் பின்னால் போடுங்கள். முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும்.

கிரீஸ் கை:

பெரிய டிஸ்க் எதுவும் வேண்டாம் தம்பி. நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில், இரண்டும் போதும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற ரக ஆயில் புதுசில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155-க்கு வந்துவிடும். மலை இறங்கும்போது பெடல் மெத்தென்று உள்ளே போவதற்கு அதுவும் ஒரு காரணம், குழாய்க்குள் ஆவி சேர்ந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். மூடியில் டாட் 3 என்று போட்டிருந்தால் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் தொடாதீர்கள், அது சிலிக்கான், மற்றதோடு சேராது.

புது பேட் போட்டதும் காலியான சாலையில் 50-லிருந்து 10-க்கு நிதானமாக பிரேக் பிடித்து, முழுசாக நிற்காமல் மறுபடி வேகம் எடுத்து, இப்படி ஒரு பத்து தடவை செய்யுங்கள். அப்புறம் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் பேட் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு பின்னால் ஸ்டியரிங் நடுங்கும். டயர் மாற்றிய பிறகு வீல் நட்டை டார்க் ரெஞ்ச் (அளவாக முறுக்கும் ஸ்பேனர்) வைத்து முறுக்கச் சொல்லுங்கள், 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

டர்போ பைத்தியம்:

டர்போ இல்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார், நான்தான் அதைத் தாண்டிப் போய்விட்டேன் போல. அடுத்த வண்டி டர்போவாக வாங்குங்கள் ப்ரோ, அப்போது பேசுவோம்.