கருவாட்டு வாசனையை இங்கிலீஷில் எப்படி எழுதுவது?

நண்பர்களே, ஒரு உதவி வேணும். வீட்டில் காயவைக்கும் நெத்திலிக் கருவாட்டை பாக்கெட் போட்டு விற்கிறோம், லேபிளில் அதன் வாசனையைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வரி எழுதணும், அங்கேதான் சிக்கல். 'இட் ஸ்மெல்ஸ்' என்று மொட்டையாக எழுதினால் நாறுகிறது என்றே ஆகிவிடும். ஓடர் என்றால் வேர்வை, சாக்கடைதான் ஞாபகம் வரும். ஃபிராக்ரன்ஸ் பூவுக்கும் சோப்புக்கும் சரி, கருவாட்டுக்குப் போட்டால் சிரிப்பார்கள். சென்ட்? நம்மூரில் அது சட்டையில் அடித்துக்கொள்வது! மிச்சம் அரோமா. காபி, மசாலா, பாஸ்மதி அரிசி என்று சாப்பாட்டுப் பக்கம் புழங்குவதுதான், ஆனாலும் சட்டியில் போட்டதும் தெருமுனை வரை போகிற அந்த நெடிக்கு ரொம்ப சாதுவாகத் தெரிகிறது. முன்னால் 'பஞ்சென்ட்', அதாவது மூக்கைத் துளைக்கிற, என்று சேர்க்கலாமா, இல்லை வாங்க வந்தவரும் ஓடிவிடுவாரா? வெளிநாட்டில் இருப்பவர்கள், அங்கே கடையில் கருவாட்டு பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்களேன்.