ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

கேள்வி:
கேக் செய்முறையில் 2 கப் மைதா, 1 கப் சர்க்கரை, அரை கப் வெண்ணெய் என்று இருந்தது. என்னிடம் அளவுக் கப் இல்லை, தராசு மட்டும்தான். ஒரு கப் 240 மில்லி என்று படித்ததால் 240 கிராம் என்று வைத்துக்கொண்டு 480 கிராம் மைதா போட்டேன். கலவை இறுகிப்போய் கரண்டியே நகரவில்லை. எங்கே தப்பு செய்தேன்?

பதில் 1:
மில்லியும் கிராமும் ஒன்று என்பது தண்ணீருக்குத்தான் பொருந்தும், பாலுக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. கப் என்பது இடத்தை அளக்கிறது, மைதாவில் அந்த இடத்தில் பாதிக்கு மேல் காற்று. அதனால் ஒரு கப் மைதா சுமார் 120 கிராம்தான் வரும், நீங்கள் இரண்டு மடங்கு போட்டுவிட்டீர்கள். சர்க்கரை ஒரு கப் 200 கிராம், அதையே பொடித்தால் 120க்கு இறங்கிவிடும். வெண்ணெய் அரை கப் 113 கிராம். தேன் நல்ல கனம், ஒரு கப் 340 வரை போகும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்பது கிடையவே கிடையாது.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் அந்த 120 எப்படி நிரப்பினால் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் மெல்ல அள்ளிக் கப்பில் போட்டு, கத்தி முதுகால் தலைதட்டினால்தான் 120. கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் மாவு அமுங்கி 140, 150 கூட வரும். இரண்டு கப்புக்கு 50 கிராம் வித்தியாசம் என்றால் கேக் வறண்டுபோக அது போதும். அப்புறம் கப்பிலும் வகை உண்டு: அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டியும் 20 மில்லி, மற்ற இடங்களில் பெரும்பாலும் 15. செய்முறை எந்த நாட்டுடையது என்று முதலில் பாருங்கள்.

பதில் 3:
தராசு இருப்பதால் எல்லாவற்றையும் எடை போடலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கிராமாகக் காட்டும் தராசில் 2 கிராம் சோடா உப்பை நம்பி நிறுக்க முடியாது, அதற்குத் தேக்கரண்டிதான் நல்லது. சாதாரண உப்பில் இதற்கு நேர் எதிர்: தூள் உப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம், பெரிய செதில் உப்பு அதே கரண்டியில் பாதி எடைகூட வராது. வகை மாறினால் கரண்டிக் கணக்கு உதவாது, எடைதான் உதவும். இன்னொன்று, அவுன்ஸ் என்று பார்த்தால் நிதானியுங்கள். எடை அவுன்ஸ் 28 கிராம் சொச்சம், திரவ அவுன்ஸ் என்பது கொள்ளளவு, கிட்டத்தட்ட 30 மில்லி.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. இன்று ஒரு அளவுக் கப் வாங்கி, தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுக் கரண்டியால் மூன்று முறை நிரப்பிப் பார்த்தேன்: 118, 123, 121. நேராக அள்ளியபோது 146! இந்த எண்களைச் சீட்டில் எழுதி மாவு டப்பா மூடியில் ஒட்டிவிட்டேன். நாளைக்கு 240 கிராம் மைதாவோடு மறுபடி கேக்.