ஆல்பம் கவர்: 'இசைமுகம்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இசைத்தொகுப்பின் மேலிருக்கும் 'ஆல்பம் கவருக்கு' நாம் தேடும் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்த பரிந்துரைகளில் 'இசையுறை', 'தொகுப்பட்டை' இரண்டுக்கும்தான் ஆதரவு அதிகம். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. இவை இசைத்தட்டைப் பொதிந்துவைக்கும் பொருளைச் சுட்டுகின்றன. நாம் பெயர் தேடுவதோ அதன்மேல் இருக்கும் படத்துக்கு.

பக்கத்துக்குச் சில நிமிடமே ஓடிய பழைய இசைத்தட்டுகளை (நிமிடத்துக்கு 78 சுற்று சுழல்பவை), ஒளிப்பட ஆல்பம் போலத் தைத்த உறைகளில் சேர்த்து விற்றார்கள். மேலட்டையில் பெரும்பாலும் பெயர் மட்டுமே. 1940 வாக்கில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் வடிவமைப்பாளர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் அங்கே படம் வரையத் தொடங்கினார். ஆக, அட்டை முந்தியது, படம் பிந்தியது. இன்றோ 31 செ.மீ. அளவிலிருந்த எல்பி (நெடுநேர இசைத்தட்டு) உறை 12 செ.மீ. குறுந்தகட்டுக்குச் சுருங்கி, பிறகு கைபேசித் திரையில் சிறு சதுரமாகிவிட்டது. உறை மறைந்தபின்னும் படம் நிற்கிறது. உறையே இல்லாத இடத்தில் 'இசையுறை' எதைக் குறிக்கும்?

அந்தப் படம் கேட்பவரிடம் என்ன செய்கிறது என்பதிலிருந்தே சொல் பிறக்க வேண்டும். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிப்னோசிஸ் குழுவின் வடிவமைப்பு. முன்பக்கத்தில் இசைக்குழுவின் பெயரும் இல்லை, தொகுப்பின் பெயரும் இல்லை. கறுப்பின் நடுவே ஒரு முப்பட்டகம், அதிலிருந்து பிரியும் நிறங்கள், அவ்வளவுதான். உறையை விரித்தால் அந்த நிறக்கற்றை உள்ளே தொடர்ந்து ஓடி, இதயத்துடிப்பு வரைகோடாகத் துள்ளுகிறது. ஊசியை வைத்ததும் முதலில் கேட்பதும் இதயத்துடிப்பே! ஒரு சுரம் ஒலிக்கும் முன்பே காதைப் படம் ஆயத்தப்படுத்திவிடுகிறது.

நூலுக்கு இந்த வேலையைச் செய்வது பாயிரம். நன்னூல் அதற்குத் தரும் பெயர்களில் ஒன்று 'நூன்முகம்'. அந்த வழியில் 'இசைமுகம்' என்பதே என் பரிந்துரை.

'முகப்பு' அழகான சொல். ஆனால் செயலிகளில் ஹோம் பொத்தானுக்கு அது வழங்குகிறது. ஒரே திரையில் இரண்டு முகப்பு வந்தால் பயனர் திணறுவார். 'முகப்போவியம்' ஒளிப்படங்களுக்குப் பொருந்தாது. 'தொகுப்பு' என்று தொடங்கும் எதுவும் தனிப்பாடல் வெளியீட்டில் இடறும், அதற்கும் தனியாகப் படம் உண்டே.

மென்பொருளில் வைத்துப் பாருங்கள்: 'இசைமுகம் கிடைக்கவில்லை', 'இசைமுகத்தை மாற்று'. வடிவமைப்பவர் 'இசைமுகக் கலைஞர்'. எங்கும் இயல்பாக ஒட்டுகிறது.

உறையையும் கைவிட வேண்டாம். தட்டைச் செருகிவைக்கும் ஸ்லீவுக்கு 'தட்டுறை', புத்தகம்போல் விரியும் உறைக்கு 'விரிப்புறை', உறையில் அச்சிடும் விளக்கங்களான லைனர் நோட்ஸுக்கு 'உறைக்குறிப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

முகம் என்றால் பாடகரின் முகம் என்று கொள்ள மாட்டார்களா எனச் சிலர் கேட்கலாம். துறைமுகம், அறிமுகம் என்னும்போது யாரும் மூக்கையும் கண்ணையும் தேடுவதில்லை. புழங்கப் புழங்க இதுவும் படிந்துவிடும்.

மறுப்பிருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் இதையே ஏற்றிவிடலாம்.