நாயகனின் நண்பனை நிஜத்தில் யார் பார்த்தீர்கள்?

குழு: நம்ம வீடு, மேற்கு மாம்பலம்
ஞாயிறு மாலை

கவிதா: எல்லோருக்கும் ஒரு கேள்வி. கல்லூரி விழாவுக்கு அரை மணி நேர நாடகம் எழுதுகிறேன். படத்திலும் சீரியலிலும் திரும்பத் திரும்ப வரும் ஆட்கள் இருக்கிறார்களே, ‘24 மணி நேரம் போகட்டும்’ என்கிற டாக்டர், கடைசி நிமிடத்தில் ஓடி வரும் சாட்சி, பெண் பின்னாலேயே சுற்றும் நாயகன், அவனுக்கு யோசனை சொல்லும் நண்பன். இவர்களை நிஜத்தில் பார்த்திருக்கிறீர்களா? எப்படி இருந்தார்கள்?

பெரியப்பா: வில்லனை விட்டுவிட்டாயே அம்மா.

கவிதா: வில்லனை நிஜத்தில் எங்கே பார்ப்பது பெரியப்பா?

பெரியப்பா: எம்.என்.நம்பியாரை எடுத்துக்கொள். அவர் திரையில் கையைப் பிசைந்தாலே உங்கள் பாட்டி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். நிஜத்தில் அவர் சைவம், மதுவைத் தொட்டதில்லை. பல வருடம் சபரிமலைக்குப் பெரிய கூட்டத்தையே அழைத்துப் போன குருசாமி. 2008-ல் அவர் இறந்தபோது, மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள்தான் அதிகம் பேசினார்கள்.

அம்மா: ஆமாம், எங்கள் தெருவில் குருசாமி என்றே சொல்வார்கள்.

மல்லிகா அத்தை: டாக்டரைப் பற்றி நான் சொல்கிறேன் கவி. அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் நான். 24 மணி நேரம் என்பது முழுப் பொய் இல்லை. தலையில் அடிபட்டவரை முதல் ஒரு நாள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அதைச் சொல்லிவிட்டு நடந்து போய்விட மாட்டார். ‘கூட வந்தவர் யார்?’ என்று கேட்டு, உட்கார வைத்து, ஸ்கேனைக் காட்டி, கையெழுத்து வாங்கி, அப்புறம் ராத்திரி இன்னொரு முறை வந்து அதையே சொல்வார். முதல் தடவை சொன்னது யார் காதிலும் விழுந்திருக்காது.

மல்லிகா அத்தை: இன்னொன்று. அடிபட்டு எல்லாம் மறந்துபோய், இரண்டாவது அடியில் எல்லாம் திரும்ப வருமே, அதை மட்டும் எழுதிவிடாதே. நான் பார்த்தவர்கள் விபத்து நடந்த நேரத்தைத்தான் மறந்திருந்தார்கள். ‘நான் எப்படி இங்கே வந்தேன்?’ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். பெண்டாட்டி பெயர் தெரியாமல் போனவரை நான் பார்த்ததே இல்லை. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம்.

அம்மா: வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பது?

மல்லிகா அத்தை: வேண்டவே வேண்டாம் விஜயா. இரும்பால் வலிப்பு நிற்காது. பெரும்பாலும் சில நிமிடத்தில் அதுவாகவே நிற்கும். சாவி கொடுத்தவருக்கு அந்தப் பெயர் போய்விடுகிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

சேகர் சித்தப்பா: சாட்சி விஷயம். வக்கீல் குமாஸ்தாவாகச் சொல்கிறேன், ஓடி வந்து ‘நிறுத்துங்கள்’ என்றால் முதலில் நிறுத்துவது வாசலில் நிற்கும் போலீஸ்தான். சாட்சிகளின் பட்டியல் குற்றப்பத்திரிகையோடே வந்துவிடும். புது சாட்சி வேண்டுமென்றால் மனு போட வேண்டும், எதிர்த்தரப்பைக் கேட்பார்கள், அப்புறம் வாய்தா. நீதிபதி மேசையில் மரச்சுத்தியலும் கிடையாது.

கவிதா: அப்படியென்றால் கோர்ட்டில் நாடகத்துக்கு ஏற்ற ஆளே இல்லையா சித்தப்பா?

சேகர் சித்தப்பா: ஏன் இல்லை? வாய்தாவுக்கு வாய்தா டிபன் டப்பாவோடு வந்து பெஞ்சில் உட்காரும் அம்மா. மகன் கேஸ். எந்த ஹாலில் எத்தனையாவது நம்பர் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். படத்தில் அவளுக்கு ஒரு அழுகை, அவ்வளவுதான். நான் பார்த்தவள் அழவில்லை, நகல் மனு எழுதக் கற்றுக்கொண்டாள்.

பெரியப்பா: பாம்பு உண்டா நாடகத்தில்?

கவிதா: நாயகி காலில் பாம்பு கடித்து நாயகன் விஷத்தை உறிஞ்சுகிற காட்சி ஒன்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

மல்லிகா அத்தை: ஐயோ. திருப்போரூர் பக்கத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். துணியால் இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறி, மைத்துனர் வாயால் உறிஞ்சியிருக்கிறார். விஷம் ஏறியது ஏறியதுதான், கூடவே கால் கெட்டுப்போனது. கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தால் அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்.

பெரியப்பா: உயிரைக் காப்பாற்றுகிறவன் மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறான் கவி. முதலைப் பண்ணைக்கு உள்ளேயே இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978-ல் ஆரம்பித்தது. பாம்புத்தோல் வியாபாரத்தைச் சட்டம் நிறுத்தியதும் பிழைப்பு போன பழங்குடி மக்கள் அவர்கள். இப்போது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் உயிரோடு பிடித்து வந்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றித்தான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. படத்தில் இவர்களுக்கு என்ன வேடம்? மகுடி ஊதும் ஒரு ஆள், இரண்டு வரி வசனம்.

பெரியப்பா: 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்று இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கவிதா: பெரியப்பா, இது எனக்குத் தெரியவே தெரியாது. இவர்களை எழுதியே ஆக வேண்டும்.

திவ்யா அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கவிதா: அக்கா என்ன எழுதினீர்கள்?

திவ்யா அக்கா: சரி, எழுதிவிடுகிறேன். அப்பா, கோபப்படாமல் படியுங்கள். பின்னாலேயே சுற்றும் நாயகனை நான் நிஜத்தில் பார்த்திருக்கிறேன். கல்லூரி இரண்டாம் வருடம், மின்சார ரயிலில். தாம்பரத்தில் ஏறுவான், நான் இறங்கும் இடத்தில் இறங்குவான், கல்லூரி வாசல் வரை வருவான். ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. பூ வாங்கி நீட்டினான், வேண்டாம் என்றேன். மறுநாள் மறுபடி நின்றான். படமாக இருந்தால் இந்த இடத்தில் எனக்கு லேசாகச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெண்கள் பெட்டிக்கு மாறினேன், ரயிலை மாற்றினேன், துப்பட்டா நிறத்தைக்கூட மாற்றினேன், தூரத்திலிருந்து அடையாளம் தெரியக் கூடாதென்று.

அம்மா: திவ்யா, ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

திவ்யா அக்கா: சொன்னால் கல்லூரியை நிறுத்திவிடுவீர்களோ என்ற பயம்தான் சித்தி. அவனைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தேன்.

மல்லிகா அத்தை: கண்ணு.

கவிதா: அப்புறம் எப்படி நின்றது அக்கா?

திவ்யா அக்கா: அவனுடைய நண்பனால். கூடவே வருவான், ஒல்லியாக, தோளில் பையோடு. அவன்தான் இவனைத் தூண்டிவிடுகிறான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கோடம்பாக்கம் பிளாட்பாரத்தில் அவன் சத்தம் போட்டது என் காதில் விழுந்தது. ‘அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பார்த்தியாடா? பயந்து போயிருக்கு. இனிமே நீ போனா நான் உன்கூட இல்ல.’ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனான். அதோடு சரி. அவன் பெயர்கூடத் தெரியாது. என்னைப் பொறுத்தவரை நாயகன் அவன்தான்.

சேகர் சித்தப்பா: கவி, இதை எழுதும்போது சட்டத்தையும் சேர். தமிழ்நாட்டில் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க 1998-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. விருப்பமில்லை என்று தெரிந்த பிறகும் பின்தொடர்வது 2013-லிருந்து தனிக் குற்றம். இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு, முதல் முறைக்கே 3 வருடம் வரை சிறை. போனில், இணையத்தில் கண்காணிப்பதும் அதில் அடங்கும். புகார் என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடலாம்.

பெரியப்பா: திவ்யா, படித்துவிட்டேன். கோபம் உன்மேல் இல்லை. இனி எதுவானாலும் முதலில் என்னிடம் சொல். உன் வேலையையோ வெளியே போவதையோ இந்த வீட்டில் யாரும் நிறுத்த மாட்டார்கள். அந்தப் பையன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

திவ்யா அக்கா: சரிப்பா.

கவிதா: அக்கா, நண்பனையே நடுவில் வைத்து எழுதட்டுமா? உங்கள் பெயர் வராது.

திவ்யா அக்கா: எழுது. ஆனால் அவனைக் காமெடியனாக ஆக்காதே. அந்த ஒரு நிமிடம் அவனுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும், நண்பன் போய்விடுவானே என்று. அது தெரிய வேண்டும். அந்தப் பெண்ணையும் வெறுமனே நிற்க வைக்காதே, அவள் ரயில் மாற்றுகிற காட்சி இருக்கட்டும்.

கவிதா: கண்டிப்பாக. பாம்புக் காட்சி உறிஞ்சாமல் 108-ஓடு வரும். பெரியப்பா, சனிக்கிழமை வடநெம்மேலி போகலாமா? அவர்கள் பேசுவதை நேரில் கேட்காமல் வசனம் எழுத மாட்டேன்.

பெரியப்பா: காலையில் சீக்கிரம் கிளம்பினால் ஈசிஆரில் கூட்டம் இருக்காது. யார் யார் வருகிறீர்கள்?

திவ்யா அக்கா: நானும்.

மல்லிகா அத்தை: எனக்கு ஜன்னல் ஓரம். கவி, ஆஸ்பத்திரிக் காட்சி எழுதியதும் எனக்கு அனுப்பு, நர்ஸுக்கு வசனம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.